கோடை விடுமுறையில் கணித ஆய்வு: அமெரிக்கக் கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் இளங்கலை படிக்கும் மாணவர்கள், அதிலும் கணிதத்துறையில் எண்ணிக்கை குறைவாக இருக்கும் பிரிவினர், கோடையில் ஆய்வுப் பயிற்சிக்குப் போவது பற்றிய கேள்விகள் இவை. திட்டங்கள், விசா, விண்ணப்பம், பணம், அங்கே போனபின் நடக்கும் வேலை என்ற வரிசையில் பதில்கள் இருக்கின்றன.

ஆர்ஈயூ, ஆர்ஈயூ என்கிறார்களே, அது என்ன?

இளங்கலை மாணவர்களுக்கான ஆய்வு அனுபவத் திட்டம். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்எஸ்எஃப்) 1987 முதல் இந்தப் பெயரில் பணம் கொடுத்து வருகிறது. பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ ஒரு ‘தளம்’ நடத்தும். வெவ்வேறு கல்லூரிகளிலிருந்து பொதுவாக 8 முதல் 10 மாணவர்கள் அங்கே போய் 6 முதல் 10 வாரம் தங்கி, ஒரு பேராசிரியரின் வழிகாட்டலில் விடை தெரியாத கேள்வி ஒன்றில் வேலை செய்வார்கள். வகுப்பு, தேர்வு, மதிப்பெண் கிடையாது. கட்டணமும் கிடையாது, உங்களுக்குத்தான் உதவித்தொகை தருவார்கள். ‘ஆய்வுத் திட்டம்’ என்ற பெயரில் யாராவது உங்களிடம் ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால், அது வேறு வியாபாரம்.

குறைவான பிரதிநிதித்துவம் உள்ள மாணவர்கள் என்றால் யார்? தமிழ்ப் பிள்ளைகள் அதில் வருவார்களா?

என்எஸ்எஃப் கணக்கில் இது கறுப்பின, லத்தீன் அமெரிக்க, அமெரிக்கப் பழங்குடி, அலாஸ்கா மற்றும் ஹவாய்ப் பூர்வகுடி, பசிபிக் தீவு மக்களைக் குறிக்கும். பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் இதில் சேர்வார்கள். ஆசிய வம்சாவளி என்பதை மட்டும் வைத்து யாரும் இதில் வருவதில்லை. இந்தியக் குடும்பங்கள் இதைக் கேட்டதும் பக்கத்தை மூடிவிடுகின்றன. அது அவசரம்.

பல தளங்கள் வேறு சிலவற்றையும் சேர்த்தே பார்க்கின்றன. வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவரா? சமூகக் கல்லூரியில் (இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) படிக்கிறாரா? அவருடைய கல்லூரியில் ஆய்வு வாய்ப்பே இல்லையா? முனைவர் பட்டப் படிப்பே இல்லாத சிறு கல்லூரியிலிருந்து வருபவருக்கு, பெரிய பெயர் பெற்ற பல்கலைக்கழகத்திலிருந்து வருபவரைவிட முன்னுரிமை கொடுக்கும் தளங்கள் நிறைய உண்டு. அரசுப் பணத்தில் நடக்கும் தளம் இனத்தை வைத்து யாருக்கும் கதவடைப்பதில்லை. கணிதம் படிக்கும் தமிழ்ப் பெண், மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே சமூகக் கல்லூரியில் படிக்கும் தமிழ்ப் பையன், இருவரும் விண்ணப்பிக்க வேண்டியவர்கள்தான்.

எந்தத் திட்டங்களைப் பார்ப்பது?

இந்த நோக்கத்துக்காகவே தொடங்கியவற்றில் நன்கு அறியப்பட்டது எம்எஸ்ஆர்ஐ-யுபி. பெர்க்லி மலைமேல் இருக்கும் கணித அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் 2007இல் தொடங்கியது. 2022இல் அந்த நிறுவனம் சைமன்ஸ் லாஃபர் கணித அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறியது. ஆறு வாரம், சுமார் 18 மாணவர்கள். ஆண்டுக்கு ஒரு தலைப்பு, அதில் ஒரு முதன்மைப் பேராசிரியர். இதற்கு முன்னோடி புவெர்ட்டோ ரிக்கோவின் உமக்காவோ வளாகத்தில் 1998 முதல் 2002 வரை நடந்த சிமு என்ற கோடைத் திட்டம். இவெலிஸ் ரூபியோ, ஹெர்பர்ட் மெதினா இருவரும் அதை நடத்தினார்கள். பின்னர் எம்எஸ்ஆர்ஐ-யுபியை உருவாக்கியவர்களிலும் இருந்தார்கள்.

உயிரியலுக்கான கணித மாதிரிகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, கார்லோஸ் காஸ்டில்லோ-சாவேஸ் 1996இல் கார்னெல்லில் தொடங்கிப் பின்னர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன எம்டிபிஐ கோடைத் திட்டம் முக்கியமான பெயர். எட்ஜ் திட்டம் (1998, சில்வியா போஸ்மன், ரோண்டா ஹியூஸ்) பெண்களுக்கானது. ஆனால் அது பட்டம் முடித்து முனைவர் படிப்பில் சேரப் போகிறவர்களுக்கு. இளங்கலை ஆய்வோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2025க்குப் பிறகும் இவையெல்லாம் நடக்கின்றனவா?

பழைய பட்டியலை நம்ப முடியாத காலம் இது. 2025 ஏப்ரல் 18 அன்று என்எஸ்எஃப் தன் முன்னுரிமைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டு, அவற்றோடு பொருந்தாதவை என்று கருதிய மானியங்களை நிறுத்தத் தொடங்கியது. பன்முகத்தன்மை தொடர்பான திட்டங்கள் அதில் அதிகம் அடிபட்டன. சில தளங்கள் நின்றன, சில பெயரையும் தகுதி விதிகளின் வாசகத்தையும் மாற்றிக்கொண்டன, சில தனியார் அறக்கட்டளைப் பணத்துக்கு மாறின. ஒரு திட்டத்தின் பக்கத்தைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஆண்டு. அடுத்த கோடைக்கான தேதிகள் டிசம்பர் நடுவில்கூட வரவில்லை என்றால் ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள்: இந்தக் கோடையில் நடக்கிறதா, நிதி உறுதியாகிவிட்டதா? கேட்பதில் தவறே இல்லை.

நான் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) இருக்கிறேன். விண்ணப்பிக்கலாமா?

என்எஸ்எஃப் பணத்தில் முடியாது. அமெரிக்கக் குடிமக்களுக்கும் பச்சை அட்டை வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான் அந்தப் பணம். ஐந்து வயதில் வந்து இங்கேயே பள்ளி முடித்து, பெற்றோரின் பச்சை அட்டை வரிசை நகராமல் காத்திருக்கும் மாணவர்கள் நம் குடும்பங்களில் ஏராளம். அவர்களுக்கு இது கசப்பான பதில்தான். எச்-4இல் இருக்கும் பிள்ளைகள் படிக்கலாம், சம்பாதிக்க முடியாது.

எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால் கொஞ்சம் இடம் உண்டு. உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே, அதன் பணத்தில், கோடை விடுமுறையில் முழுநேரம் வேலை செய்யலாம். வெளி வளாகம் என்றால் பாடத்திட்டம் சார்ந்த பயிற்சி அனுமதி தேவைப்படும். பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் பிப்ரவரியிலேயே கேட்டுவிடுங்கள். மே மாதம் போய் நின்றால் காகிதம் முடியாது. சில தளங்கள் வேறு நிதியிலிருந்து ஓரிரு இடங்களைக் குடியுரிமை நிபந்தனையின்றி வைத்திருக்கும். தகுதிப் பகுதியை வரி விடாமல் வாசித்தால் தெரியும்.

தமிழ்நாட்டில் படிக்கிறேன். எனக்கு?

மேலே சொன்னவை இல்லை. இந்தியாவில் எம்டிடிஎஸ் (1993இல் எஸ். குமரேசன் தொடங்கியது, சுமார் நான்கு வாரம்) கணிதச் சிந்தனைக்கான கடுமையான பயிற்சி, ஆய்வு அல்ல, ஆனால் ஆய்வுக்கு அதைவிட நல்ல அடித்தளம் கிடைப்பது அரிது. மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகை இரண்டு மாதம். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் அறிவிப்புகளையும் பாருங்கள்.

எப்போது தொடங்க வேண்டும்? எத்தனை இடங்களுக்குப் போடுவது?

அறிவிப்புகள் நவம்பர் வாக்கில் வரத் தொடங்கும். கடைசித் தேதிகள் பெரும்பாலும் பிப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச் தொடக்கம் வரை. கணிதத் தளங்களில் பல மேத்புரோகிராம்ஸ் இணையதளம் வழியாகவும், சில என்எஸ்எஃபின் பொது விண்ணப்பத் தளம் வழியாகவும் வாங்குகின்றன. ஒரு தளத்தில் இருப்பது பத்து இடம், வருவது நூற்றுக்கணக்கான விண்ணப்பம். அதனால் 8 முதல் 12 வரை போடுங்கள். அதற்குமேல் போட்டால் கடிதங்களின் தரம் இறங்கிவிடும். அவற்றில் இரண்டு மூன்றாவது அதிகம் பேசப்படாத தளங்களாக இருக்கட்டும். மினசோட்டா டுலூத்தில் ஜோசப் கேலியன் 1977இல் தொடங்கியது போன்ற தளங்களுக்கு ஒலிம்பியாட், பட்னம் போட்டிகளில் பெயர் வாங்கியவர்கள் வரிசையில் நிற்பார்கள். எல்லா விண்ணப்பத்தையும் அந்த வகைக்கே போட்டுவிட்டு ஏமாந்து போகிறவர்கள் அதிகம்.

ஓரிடம் முதலில் கிடைத்து, விரும்பிய இடத்திலிருந்து பதில் வரவில்லையா? உடனே சரி சொல்லிவிடாமல், பதில் சொல்ல எத்தனை நாள் என்று கேளுங்கள். பிறகு விரும்பிய தளத்துக்கு எழுதி நிலவரம் விசாரியுங்கள். ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால் மற்ற விண்ணப்பங்களை அன்றே திரும்பப் பெறுங்கள். ஒப்புக்கொண்டபின் மாறிப் போவது இந்தச் சிறிய வட்டத்தில் வெகுநாள் நினைவில் இருக்கும்.

என்னென்ன படித்திருக்க வேண்டும்?

நேரியல் இயற்கணிதமும், நிரூபணம் எழுதக் கற்றுத்தரும் ஒரு பாடமும். இவ்விரண்டும் இருந்தால் சேர்வியல், கோட்டுருவியல், எண் கோட்பாடு சார்ந்த தளங்களுக்குப் போதும். நுண்புல இயற்கணிதமும் மெய்ப்பகுப்பாய்வும் இருந்தால் இன்னும் சில கதவுகள் திறக்கும். பைத்தானில் ஒரு சுழற்சி எழுதத் தெரிந்திருப்பது எங்கேயும் உதவும். சமூகக் கல்லூரி மாணவர்களுக்கு நிரூபணப் பாடம் கிடைப்பது கடினம். அவர்கள் ஒரு ஆசிரியரோடு ஒரு பருவம் தனிப்படிப்பாகச் சில நிரூபணங்கள் எழுதி, அதை விண்ணப்பத்தில் சொல்லலாம்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

பொதுவாக இரண்டு கடிதம். விண்ணப்பத்தில் மிகக் கனமான பகுதி இதுதான், மதிப்பெண் பட்டியலைவிடவும். துறைத்தலைவர், பெரிய பெயர் என்று தேடி ஓடாதீர்கள். இருநூறு பேர் உட்கார்ந்த நுண்கணித வகுப்பில் ஏ வாங்கினீர்கள் என்றால் அந்தப் பேராசிரியர் எழுதக்கூடியது அதே ஏ-யைத்தான். அது மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. பதினைந்து பேர் இருந்த நிரூபண வகுப்பில் பி-பிளஸ் வாங்கி, வாராவாரம் அலுவலக நேரத்தில் போய் உட்கார்ந்தவரைப் பற்றி அந்த ஆசிரியரால் ஒரு பக்கம் எழுத முடியும். மூன்று முறை தவறான வழியில் போய், நான்காவது முறை தானே ஓட்டையைக் கண்டுபிடித்தார் என்று அவர் எழுதும் ஒரு வரியைத்தான் தேர்வுக் குழு தேடுகிறது.

கடைசித் தேதிக்கு ஐந்து வாரம் முன்பே கேளுங்கள், அதாவது ஜனவரி தொடக்கத்தில். ‘எனக்கு வலுவான கடிதம் எழுத முடியுமா?’ என்று கேட்பது அவருக்கும் மறுக்க வழிவிடும். அரைமனதுக் கடிதத்தைவிட மறுப்பே நல்லது. சம்மதித்ததும் ஒரே மின்னஞ்சலில் அனுப்ப வேண்டியவை: திட்டங்களின் பட்டியல் தேதி வரிசையில், தன்விவரம், மதிப்பெண் பட்டியல், அவருடைய வகுப்பில் நீங்கள் செய்த நல்ல வேலை ஒன்றின் நகல். தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு நினைவூட்டல். நம் பிள்ளைகள் ‘சாரைத் தொந்தரவு பண்ணக்கூடாது’ என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கடிதம் வராத விண்ணப்பத்தைப் பல தளங்கள் திறந்தே பார்ப்பதில்லை.

நோக்க அறிக்கையில் என்ன எழுதுவது?

‘சிறுவயதிலிருந்தே கணிதம் பிடிக்கும்’ என்ற முதல் வரியை நீக்கிவிட்டு அடுத்த வரியிலிருந்து தொடங்குங்கள். உங்களைத் தூங்கவிடாத ஒரு கணக்கு, அதில் எங்கே மாட்டினீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள், இதற்கு ஒரு பத்தி. இந்தத் தளத்தின் இந்தத் தலைப்பு ஏன் என்பதற்கு ஒரு பத்தி; இது ஒவ்வொரு இடத்துக்கும் மாற வேண்டும். வேறு தளத்தின் பெயரோடு வந்து சேரும் அறிக்கைகள் ஒவ்வோராண்டும் உண்டு. வீட்டுச் சூழல், வேலை, முதல் தலைமுறை என்ற விவரங்களை மறைக்கவும் வேண்டாம், கெஞ்சும் தொனியில் எழுதவும் வேண்டாம். வாரம் 20 மணிநேரம் வேலை பார்த்துக்கொண்டு இந்தப் பாடங்களை முடித்தேன் என்றால் அதுவே பேசும்.

ஒரு பாடத்தில் சி வாங்கிவிட்டேன்.

இரண்டு வரியில் காரணம் சொல்லுங்கள், அடுத்த பாடத்தில் மீண்டதைக் காட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். முழு அறிக்கையும் அந்த சி-யைச் சுற்றியே ஓடினால்தான் அது பெரிதாகத் தெரியும்.

பணம் எவ்வளவு வரும்?

என்எஸ்எஃப் தளங்களில் வாரத்துக்கு 600 முதல் 700 டாலர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். எட்டு வாரத்துக்கு 4,800 முதல் 5,600 வரை. தங்குமிடம் பெரும்பாலும் தனியாகத் தரப்படும், போக்குவரத்துக்கும் ஏதாவது கிடைக்கும். சாப்பாடு இடத்துக்கு இடம் மாறும். மாணவர் விடுதியில் சமையலறை உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது, அதுவும் சைவம் என்றால் கட்டாயம்.

இது சம்பளம் அல்ல, பங்கேற்பாளர் உதவித்தொகை. அதனால் வரி பிடிக்காமல் முழுதாக வரும். ஆனால் வரிக் கணக்கில் காட்ட வேண்டிய வருமானம்தான். முதல் தவணை கைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். விமானச் சீட்டை முதலில் நீங்கள் வாங்கி, பிறகு திருப்பித் தருகிறோம் என்பார்கள். கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இங்கேதான் இடிக்கும். ‘சீட்டை நீங்களே நேரடியாக வாங்கித் தர முடியுமா’ என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள்.

மென்பொருள் நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் போனால் இதைவிட அதிகம் கிடைக்குமே?

கிடைக்கும். பணம்தான் அவசரத் தேவை என்றால் அங்கே போவதே சரி. கணிதத்தில் முனைவர் பட்டம் செய்யலாமா என்ற கேள்வி மனதில் இருந்தால், ஆறு ஆண்டு அதில் இறங்குவதற்கு முன் ஆறு வாரம் செய்து பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு திரும்புவதும் பயன்தான். பெற்றோர் கவனிக்க: அமெரிக்காவில் கணித முனைவர் படிப்புக்கு வழக்கமாகக் கல்விக் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் உண்டு.

அங்கே போனதும் நாட்கள் எப்படி இருக்கும்?

முதல் ஓரிரு வாரம் காலையில் விரிவுரை, மதியம் கணக்குகள். பிறகு மூன்று நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து குழுவுக்கொரு கேள்வி. வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழுவும் கரும்பலகை முன் நின்று என்ன செய்தோம், எங்கே மாட்டினோம் என்று சொல்லும். கடைசி வாரத்தில் எழுத்தறிக்கையும் அரைமணி நேர உரையும். இடையிடையே விருந்தினர் உரைகள், முனைவர் படிப்புக்கு விண்ணப்பிப்பது பற்றிய அமர்வுகள்.

ஆய்வுக் கேள்வி என்றால் எப்படி இருக்கும்? எனக்கு அது புரியுமா?

ஒரு மாதிரி. 2016இல் எம்எஸ்ஆர்ஐ-யுபியின் தலைப்பு மணற்குவியல் குலங்கள் (குலம் என்பது கூட்டல் போன்ற ஒரு செயலோடு கூடிய கணம், ஆங்கிலத்தில் group). ஒரு கோட்டுருவின், அதாவது முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட படத்தின், முனைகளில் மணல்துகள்களை வையுங்கள். ஒரு முனையில் எத்தனை கோடுகள் சேர்கின்றனவோ அத்தனை துகள் குவிந்துவிட்டால் அது சரியும். கோட்டுக்கு ஒன்றாகப் பக்கத்து முனைகளுக்குத் துகள் போகும். ஒரு முனை மட்டும் வடிகால், அங்கே போனது திரும்பாது. எந்த வரிசையில் சரியவிட்டாலும் முடிவு ஒன்றுதான். இந்த அமைப்புக்குள் ஒரு பரிமாற்றுக் குலம் ஒளிந்திருப்பதை 1990இல் வெளிக்கொண்டு வந்தவர் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் தீபக் தார். அந்தக் குலத்தில் எத்தனை உறுப்புகள்? கோட்டுருவின் எல்லா முனைகளையும் சுற்று விழாமல் இணைக்க எத்தனை மரங்கள் உண்டோ அத்தனை.

சக்கர வடிவத்தை எடுத்துக்கொள்வோம்: நடுவில் ஒரு முனை, சுற்றிலும் வளையம். ஆரங்கள் 3 என்றால் 16 உறுப்புகள், 5 என்றால் 121, 7 என்றால் 841. மூன்றும் முழு வர்க்கம்: 4, 11, 29. இவை லூக்காஸ் எண்கள் (1, 3, 4, 7, 11, 18, 29 என்று முந்தைய இரண்டின் கூட்டலாக வளரும் வரிசை). ‘எப்போதும் வர்க்கம்’ என்று எழுதிவிடத் தோன்றும். 4 ஆரம் போட்டுப் பார்த்தால் 45, 6 ஆரத்துக்கு 320. வர்க்கம் இல்லை, ஆனால் 45 என்பது 5 பெருக்கல் 9, 320 என்பது 5 பெருக்கல் 64. உள்ளே 3, 8 என்று ஃபிபொனாச்சி எண்கள் நிற்கின்றன. எண்ணிக்கை தெரிந்தாலும் குலத்தின் வடிவம் தெரிந்துவிடாது. 16 உறுப்பு என்றால் அது ஒரே வட்டக் குலமா (ஒரே உறுப்பைத் திரும்பத் திரும்பக் கூட்டினால் முழுதும் கிடைப்பது), நான்கு உறுப்பு வட்டக் குலங்கள் இரண்டின் பெருக்கமா? இரண்டாவதுதான். ஏன்?

சக்கரத்துக்கான விடை அச்சில் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வளையத்தின் கோடுகளை இரட்டிப்பாக்கினால், நடுமுனை இரண்டானால், என்று ஒவ்வொன்றாக மாற்றும்போதுதான் விடை தெரியாத கேள்வி பிறக்கும். மாணவர் கைக்கு வருவது இந்த அளவிலான கேள்வி. நேரியல் இயற்கணிதம் தெரிந்தவர் முதல் வாரத்திலேயே கணக்குப் போடத் தொடங்கலாம்.

பொதுவாக எங்கே தவறு நடக்கிறது?

சின்ன எடுத்துக்காட்டுகளை நம்பி ஊகம் செய்வதில். மேலே ஒற்றைப்படை ஆரங்களை மட்டும் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து அனைத்தையும் நாண்களால் இணைத்தால் கிடைக்கும் பகுதிகள் 1, 2, 4, 8, 16 என்று போய் அடுத்து 31 என்று வருவது பழைய பாடம்.

இன்னொன்று, ஏற்கெனவே நிரூபித்ததைத் திரும்ப நிரூபிப்பது. கிடைத்த எண் வரிசையை ஓஇஐஎஸ் எனும் முழுஎண் வரிசைகளின் இணையக் களஞ்சியத்தில் முதல் நாளே தேடுங்கள். 16, 45, 121, 320 என்று போட்டாலே கதை முழுதும் வந்துவிடும். ஆய்வுக் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கும் ஆர்க்கைவ் தளத்திலும் தேடுங்கள். கண்டுபிடித்ததும் மனம் உடைய வேண்டாம். உங்கள் ஊகம் சரி என்பதற்கு அது சான்று.

குழுவுக்குள் நடக்கும் தவறு இதைவிட மோசம். நிரல் எழுதத் தெரிந்தவர் முழுவதும் கணினியிலேயே கிடப்பார், ஒருவர் நிரூபணத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்வார், மூன்றாமவர் அறிக்கையைத் தட்டச்சு செய்வார். அந்த மூன்றாமவர் யார் என்று கவனித்தால் பெரும்பாலும் பெண்ணாகவோ சிறு கல்லூரியிலிருந்து வந்தவராகவோ இருப்பார். வாரம்தோறும் பொறுப்பை மாற்றிக்கொள்வதும், கரும்பலகையில் பேசுவது யார் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவதும் எளிய தீர்வுகள். நல்ல வழிகாட்டி இதை முதல் வாரமே செய்துவிடுவார். செய்யவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள், கோடை முடிந்தபின் கேட்டுப் பயனில்லை.

எழுதாமல் தள்ளிப்போடுவதும் உண்டு. பலர் சேர்ந்து எழுத உதவும் ஓவர்லீஃப் இணையதளத்தில் ஒரு பொதுக் கோப்பு திறந்து இரண்டாம் வாரத்திலிருந்தே வரையறைகளையும் எடுத்துக்காட்டுகளையும் எழுதி வாருங்கள். ஆறாம் வாரத்தில் தொடங்குபவர்களின் அறிக்கையில் நிரூபணங்கள் பாதியில் நிற்கும்.

மற்றவர்கள் எல்லாம் என்னைவிட அதிகம் தெரிந்தவர்களாக இருக்கிறார்களே?

முதல் பத்து நாள் ஏறக்குறைய எல்லோரும் இதையே நினைக்கிறார்கள். ஒருவர் இரண்டு பாடம் கூடுதலாகப் படித்திருப்பார்; அந்தச் சொற்கள் அவர் வாயில் சரளமாக வரும். ‘அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்’ என்று கூட்டத்திலேயே கேளுங்கள். பாதிப் பேர் மனதுக்குள் நன்றி சொல்வார்கள்.

கட்டுரை வெளிவந்தால்தான் மதிப்பா?

இல்லை. முனைவர் படிப்புத் தேர்வுக் குழு முதலில் பார்ப்பது அங்கே உங்களோடு வேலை செய்த பேராசிரியரின் கடிதத்தை. ஆனால் கோடை முடிந்ததும் கோப்பை மூடிவிட்டால் பாதிப் பயன் போய்விடும். அக்டோபர் வாக்கில் லத்தீன் அமெரிக்க, பழங்குடி அறிவியலாளர்களுக்கான சக்னாஸ் அமைப்பின் மாநாடு, ஜனவரியில் கணித அமைப்புகளின் கூட்டு மாநாடு, பெண்களுக்கு நெப்ராஸ்காவில் நடக்கும் இளங்கலை மாநாடு. பதிவுத் தேதிகள் மாதக்கணக்கில் முன்பே முடிந்துவிடும் என்பதால் ஊருக்குத் திரும்புவதற்கு முன்பே யார் பதிவு செய்வது என்று குழுவில் முடிவு செய்யுங்கள். பயணத்துக்குத் தளமே பணம் ஒதுக்கியிருக்கலாம். முடிவு முழுமையாக இருந்தால் இன்வால்வ், ரோஸ்-ஹல்மன் இளங்கலை இதழ், பம்ப் இதழ் போன்றவை உண்டு. அனுப்பியபின் மாதங்கள் பல ஆகும். எங்கும் அனுப்பும் முன் பேராசிரியரின் சம்மதம் கட்டாயம்.

எங்குமே கிடைக்கவில்லை. இனி?

பத்துக்குப் பத்தும் மறுப்பு வருவது சாதாரணம். அடுத்த ஆண்டு திரும்பப் போடலாம், அதே தளத்துக்கும்.

அதற்கிடையில் உங்கள் வளாகத்திலேயே பாருங்கள். என்எஸ்எஃப் மானியம் வைத்திருக்கும் பேராசிரியர் ஓரிரு மாணவர்களுக்காகக் கூடுதல் நிதி கேட்டு விண்ணப்பிக்க முடியும். பலர் யாரும் கேட்காததால் விண்ணப்பிப்பதில்லை. மக்நேர் திட்டம் குறைந்த வருமானமும் முதல் தலைமுறையுமான மாணவர்களுக்கானது. குறைவான பிரதிநிதித்துவம் உள்ள மாணவர்களுக்கு உதவும் எல்சாம்ப் எனும் கல்லூரிக் கூட்டமைப்பில் உங்கள் கல்லூரி இருந்தால் அங்கும் கோடைப் பணம் இருக்கலாம். மார்ச் கடைசியில் பேராசிரியரிடம் போகும்போது வெறுமனே ‘ஆய்வு செய்ய ஆசை’ என்று சொல்லாதீர்கள். அவருடைய கட்டுரை ஒன்றின் முன்னுரையை வாசித்து, புரியாத ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு போய் அதைக் கேளுங்கள்.